உரிமையாளர் கையெழுத்து

"பதினாலு விளக்கா? வீட்டுக்கு வாங்குனீங்களா, பூங்காவுக்கு வாங்குனீங்களா?"

மேடம் ரசீதிலிருந்து தலையை நிமிர்த்தாமலே கேட்டார். மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ஐந்தாகப் பத்து நிமிஷம். சூரியசக்திச் சாதனங்களுக்கான வரிச்சலுகைக்கு இன்றுதான் கடைசி நாள். ஐந்து மணிக்குள் விண்ணப்பம் இணையத்தில் ஏறாவிட்டால் இந்த வருஷத்துக்கு அவ்வளவுதான்.

"வீட்டுக்குத்தான் மேடம். வாசப்படியிலேருந்து தோட்டத்து கேட் வரைக்கும் வரிசையா நட்டிருக்கேன். பகல் முழுக்க வெயில்ல சார்ஜ் ஏறிக்கும், இருட்டினதும் தானா எரியும்."

"எப்படி எரியும்னு நான் கேக்கல. ஏன் பதினாலுன்னு கேட்டேன். அழகுக்கு வச்சதுக்கெல்லாம் சலுகை கிடையாது. போன வாரம் ஒருத்தர் வந்தார். தோட்டத்துல கல் வாத்து வச்சிருக்காராம், அது வாயிலேருந்து தண்ணி கொட்டுதாம். அதுக்கு வரியில கழிச்சுக்கணுமாம்!"

அவன் சிரிக்க வேண்டிய இடத்தில் சரியாகச் சிரித்தான்.

"அழகுக்கு இல்ல மேடம். அம்மாவுக்கு. இருட்டினதும் தோட்டத்துல இறங்கிடறாங்க. போன மாசம் தண்ணித் தொட்டிகிட்ட விழுந்துட்டாங்க."

மேடம் பேனாவை எடுத்தார். விளக்குகளுக்கு நேராக ஒரு டிக் அடித்தார். கூரைமேல் பதித்த தகடு, டிக். தோட்டத்து மோட்டார், பாதி டிக். உத்தரவாதச் சீட்டைத் திருப்பிப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

"கடைக்காரன் சீல் பாதிதான் விழுந்திருக்கு. இதைக்கூடப் பாத்து வாங்கத் தெரியாதா? சின்னப் புள்ளையா நீங்க?"

"தப்புதான் மேடம்."

"சீக்கிரம் ஆகட்டும். பின்னால எத்தனை பேர் நிக்கறாங்க பாருங்க."

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. படிவத்தின் கடைசிப் பக்கத்தை மெதுவாக அவர் பக்கம் நகர்த்தினான்.

"மத்ததெல்லாம் சரியா இருக்கு மேடம். இந்தக் கட்டத்துல மட்டும் ஒரு கையெழுத்து."

மேடம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். பேனா கட்டத்துக்கு மேலே வந்து நின்றது. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

"இது வீட்டு உரிமையாளர் போட வேண்டிய இடமாச்சே?" பேனா மேலே போய்விட்டது. "வீடு யார் பேர்ல இருக்கு?"

"அம்மா பேர்ல."

"அப்ப அவங்கதான் போடணும். நான் போட்டா அதுக்குப் பேரு மோசடி. முப்பத்தோரு வருஷ சர்வீஸ்ல ஒரு கரும்புள்ளி கிடையாது எனக்கு. ரிடையர் ஆகப்போற நேரத்துல கம்பி எண்ண வைக்கலாம்னு பாக்கறீங்களா?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்ல மேடம்."

"கூட்டிட்டு வாங்க உங்க அம்மாவை. என் கண்ணு முன்னால போடட்டும்."

காலையிலிருந்து இது நாலாவது தடவை. ஒவ்வொரு தடவையும் இந்தக் கட்டத்தில் வந்துதான் முட்டிக்கொண்டு நின்றது.

"அவங்க வர்ற நிலைமையில இல்ல மேடம். இந்தப் பணம் வந்தா, நான் வேலைக்குப் போற நேரத்துக்குத் துணையா ஒரு ஆளைப் போட்டுடுவேன். வீட்டுலயே வச்சுப் பாத்துக்கலாம். இல்லேன்னா..." அவன் படிவத்தின் ஓரத்தை நீவிவிட்டான். "இல்லேன்னா முதியோர் ஹோம்லதான் விடணும். அங்க கதவை வெளியில பூட்டிடுவாங்க."

மேடத்தின் முகம் இளகியது. அவனை அப்போதுதான் பார்ப்பவர்போல் பார்த்தார்.

"குடுத்து வச்சவங்க உங்க அம்மா," என்றார். "ஆனா நான் என்ன பண்ணட்டும் தம்பி? அவங்க கையெழுத்தை இன்னொருத்தி போட முடியுமா?"

அவன் விரலைக் கட்டத்தின் மேல் வைத்தான்.

சுவர்க்கடிகாரம் ஐந்து அடித்தது. அவன் விரல் அந்த வெற்றுக் கட்டத்தின் மேலேயே இருந்தது.

மேடம் சட்டென்று எழுந்தார். காகிதங்களை ஓரம் பார்த்து அடுக்கினார். பேனாவைக் கைப்பைக்குள் போட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"நாளைக்கு வாங்க, ஏதாவது வழி இருக்கான்னு பாக்கறேன். இப்ப நான் ஓடணும். என் பையன் ரெண்டாங்கிளாஸ் படிக்கிறான், ஸ்கூல் வாசல்ல தனியா நிப்பான். அஞ்சு நிமிஷம் லேட்டானாலும் அழ ஆரம்பிச்சிடுவான்."

பதினாலு விளக்குகள் தொடங்கும் வாசற்கதவை அவர் எட்டுவதற்குள், காதோரம் நரைத்துவிட்ட அவன் குறுக்கே போய் நின்றான். பையைத் தோளிலிருந்து மெல்லக் கழற்றினான். அவர் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டான்.

"நான் ஸ்கூல்லேருந்து வந்துட்டேம்மா."