மும்பை ஆபீசர்

என் பொண்டாட்டி மாரீஸ்வரி நாலு நாளா கைதியா இருந்தா. எங்க வீட்டுலயேதான்.

"உங்க ஆதாரை வச்சு வெளிநாட்டுக்குப் போதை பார்சல் போயிருக்கு"ன்னு வீடியோ கால்ல காக்கி போட்ட மும்பை ஆபீசர் ஒருத்தன் சொல்லிட்டானாம். தூங்கும்போதும் கேமரா ஓடணும், புருஷன்கிட்டகூடப் பேசக்கூடாதுன்னு உத்தரவு.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருசத்துல நான் சொல்லி அவ எதையும் கேட்டதில்ல. அவன் சொன்னதை அப்படியே கேட்டா.

தினமும் காலையில ஒரே கேஸ் நம்பரைச் சொல்லுவான். இவ பள்ளிக்கூடத்துப் பிள்ளையாட்டம் திருப்பிச் சொல்லுவா.

அஞ்சாம் நாள் பொறுக்க முடியாம போனைப் புடுங்கி ஆஃப் பண்ணேன்.

"என்னங்க, இப்படிப் பண்ணிட்டீக"ன்னு அழுதா.

"அவன் போலி போலீசுடி. டி.வி.ல தினம் சொல்றான்ல?"

சுருளிப்பட்டியில இருந்து தேனி வரைக்கும் பஸ்ல அழுகை. கண்டக்டர் என்னையத்தான் மொறைச்சாரு.

சைபர் கிரைம் ஸ்டேஷன்ல இன்ஸ்பெக்டர் ஜான்சி மேடம் கேட்டாக: "அவன் போலின்னு உங்களுக்கு எப்பம்மா தெரிஞ்சது?"

"மொத நாளே தெரியும் மேடம்."

நான் அவ மூஞ்சியப் பார்த்தேன். அவ என்னையப் பார்க்கல.

"மழை பேஞ்சிருக்கு, திராட்சைப் பந்தலைப் பார்க்கப் போகணும்னு கெஞ்சுனேன். 'மொதல்ல கம்பியத் தட்டி தண்ணிய உதிர்த்துருங்க, இல்லன்னா கொத்து அழுகிரும்'னு வாய் தவறிச் சொல்லிட்டான். மும்பைக்காரனுக்கு எங்க பந்தலப் பத்தி என்ன தெரியும்? அவன் நம்ம பக்கத்துப் பையன் மேடம். பின்னாடி ஒருத்தன் காவலுக்கு நின்னுக்கிட்டே இருந்தான். எங்கனயோ மாட்டிக்கிட்டான்னு தோணுச்சு. அன்னைக்கே இந்த நம்பரைச் சொல்லி எழுதிக்கச் சொன்னான்."

முந்தானையில முடிஞ்சிருந்த சீட்டை எடுத்து நீட்டினா.

மேடம் வாங்கிப் பார்த்தாக. ஒரு இங்கிலீஷ் எழுத்து, ஏழு நம்பர்.

"இது கேஸ் நம்பர் இல்லம்மா. பாஸ்போர்ட் நம்பர்."

மூணு வாரம் கழிச்சு மேடம் போன் பண்ணாக. பையன் பேரு சுரேஷ்கண்ணன், சின்னமனூர்க்காரன். கம்ப்யூட்டர் வேலைன்னு கூட்டிட்டுப் போயி, கம்போடியாவுல அடைச்சு வச்சு இந்தத் தொழிலைப் பார்க்க விட்டிருக்கானுக.

"மீட்டாச்சு. நாளைக்கு மதுரையில வந்து எறங்குறான்."

மூணு வாரத்துல அன்னைக்குத்தான் எங்க வீட்டுக் கொழம்புல உப்பு சரியா இருந்துச்சு.

சாப்பிட்டுக்கிட்டே கேட்டேன்: "நம்பர்தான் மொத நாளே கெடச்சிருச்சே. பெறகு எதுக்கு நாலு நாளு அந்தப் போன் முன்னாடியே உக்காந்திருந்த?"

கரண்டிய கீழ வச்சா.

"ரெண்டாம் நாளு டவர் இல்லாம லைன் கட்டாச்சுல்ல? மறுநாளு அவன் கன்னம் வீங்கிப் போயி வந்தான். பெறகு நான் எப்படிங்க போனை வைக்க?"