மூன்றாவது சீட்டி

டாக்டர் அவரைச் சீட்டி அடித்துக் காட்டச் சொன்னார்.

சாட்சிக் கூண்டில் நின்றவர் தன் வக்கீலைத் திரும்பிப் பார்த்தார்.

அதுவரைக்கும் எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. புருவத்தைத் தூக்கச் சொன்னதும் வலது புருவம் மேலே போனது. இடது புருவம் எனக்கென்ன என்று கிடந்தது. கண்ணை இறுக்கி மூடச் சொன்னதும் இடது கண் பாதிக் கதவாக நின்றது. முகம் கோணக் கோண, அவருடைய வக்கீல் முகம் மலர்ந்துகொண்டே வந்தது.

டாக்டர், மருந்துக் கம்பெனி கூட்டிவந்தவர்.

தடுப்பூசி போட்டுக்கொண்ட அடுத்த வாரம் ஒரு காலையில், வாய் கொப்பளித்த தண்ணீர் இடது ஓரமாக ஒழுகிச் சட்டையை நனைத்தது. அப்படித்தான் ஆரம்பித்தது. ஊசியால்தான் என்றார் இவர் வக்கீல். ஊசியே போடாதவர்களுக்கும் வாய் கோணுவது உண்டு, அதுவும் பெரும்பாலும் தானாகத் தேறிவிடும் என்றது கம்பெனி. எது சரி என்று அவருக்குத் தெரியாது. இரண்டு பேர் சொன்னதும் கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது.

மூடாத கண்ணும் ஊத முடியாத வாயுமாக இருப்பவரை மேஸ்திரி சாரத்தில் ஏற்றவில்லை. அது மட்டும்தான் அவருக்குத் தெரிந்தது.

சாரம் கட்டுகிறவர் அவர். கட்டடத்தைச் சுற்றிக் கம்பியும் பலகையுமாகக் கட்டி, உச்சியில் நின்றுகொண்டு கீழே இருப்பவர்களுக்குச் சீட்டியால் சேதி சொல்வார். ஒற்றைச் சீட்டி என்றால் கயிற்றை இழு. இரட்டை என்றால் நிறுத்து. கலவை மிஷின் என்ன கத்துக் கத்தினாலும் அதைக் கிழித்துக்கொண்டு வரும். வேலையிடத்தில் அவருக்குப் பெயரே சீட்டியார்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. நீளமாக இழுத்துக் கடைசியில் மேலே சுண்டிவிடுவது.

அது சாயங்காலம் மட்டும்தான் வரும். கட்டடத்தின் மறுபக்கம் கலவை போடும் அவர் மனைவிக்கானது. சீட்டியார் வீட்டம்மாவுக்கு அழைப்பு வந்தாச்சு, இனி அவங்களைக் கையில் பிடிக்க முடியாது என்று கூட இருக்கும் பெண்கள் கேலி செய்வார்கள். அவள் கை கழுவப் போய்விடுவாள். ஈரச் சிமெண்ட் வாசனை, பலகையில் மிச்சமிருக்கும் வெயில் சூடு, யாரோ வாளிகளைக் கவிழ்க்கும் சத்தம். அப்புறம் ஒரே சைக்கிளில் வீடு. பின்னால் உட்கார்ந்து, அவர் முதுகுச் சட்டையில் காய்ந்த சிமெண்டை நகத்தால் சுரண்டிக்கொண்டே வருவாள்.

வழக்குப் போட்ட அன்றே வக்கீல் அந்த வாய்க்குப் பூட்டுப் போட்டுவிட்டார்.

"வீட்ல கூட ஊதிப் பாக்காதீங்க. பக்கத்து வீட்டுக்காரன் காதுல விழுந்துச்சுன்னா நம்ம கேஸ் கந்தல்."

அப்படியே நடந்துகொண்டார். குளிக்கும்போதுகூட உதட்டைக் குவிக்கவில்லை. டீயை ஊதிக் குடிக்கப் பயந்து, ஆறவைத்தே குடித்தார். அதனால் சீட்டி வருமா வராதா என்று இந்த நிமிஷம்வரை அவருக்கே தெரியாது.

வராவிட்டால் நஷ்டஈடு. வந்துவிட்டால் இத்தனை வருஷ அலைச்சலும் தண்ணீரில் போட்டதுதான். மூடாத கண்ணோடு, கீழே குனிந்து கம்பி பொறுக்கும் வேலையே கடைசிவரைக்கும்.

ஊதினார். காற்றுதான் வந்தது.

வக்கீல் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். டாக்டர் விடவில்லை. அவசரமில்லை, பழகின மாதிரி இன்னொரு தடவை என்றார். மறுபடியும் காற்று. கூடவே கொஞ்சம் எச்சிலும் தெறித்தது. நீதிபதி நாகரிகமாகக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டார்.

கடைசியாக ஒரே ஒரு தடவை என்றார் டாக்டர்.

அப்போதுதான் சீட்டியார் பின்பெஞ்சைப் பார்த்தார்.

இருக்கிறதிலேயே நல்ல துணியை உடுத்திக்கொண்டு அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். கைகள் மடியில் இல்லை. துணியில் பட்டுவிடாமல், உள்ளங்கை மேலே பார்க்க, இரண்டையும் சற்றுத் தூக்கிப் பிடித்திருந்தாள். கையில் ஒன்றுமே இல்லை. அப்படிப் பிடித்திருப்பது அவளுக்கே தெரியாது போல.

அவருடைய உதடு தானாகக் குவிந்தது.

நீளமாக இழுத்துக் கடைசியில் மேலே சுண்டியது.

பழைய கூர்மை இல்லை. இடது ஓரமாகக் கொஞ்சம் காற்று ஒழுகியது. ஆனாலும் சீட்டி சீட்டிதான். வாசலில் நின்ற காவலர் தலையை நீட்டிப் பார்த்தார். கேட்பதற்கு இனி ஒன்றுமில்லை என்று கம்பெனி வக்கீல் உட்கார்ந்தார். இவர் வக்கீல் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

பின்பெஞ்சில் அவள் இல்லை.

கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்று நினைத்தார். பின்னே, கைக்கு எட்டினதை வாயால் ஊதிக் கலைத்தால் யாருக்குத்தான் கோபம் வராது. கூண்டை விட்டு இறங்கி, வக்கீல் முகத்தைப் பார்க்காமல் வெளியே வந்தார்.

தாழ்வாரத்தின் கோடியில் ஒரு குழாய். அவள் அங்கே நின்று கை கழுவிக்கொண்டிருந்தாள். நகக்கண், விரலிடுக்கு, முழங்கைவரை, அழுத்தித் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

கேலி செய்தவர்களுக்குத் தெரியாது, அது அழைப்பு இல்லை.

கல்யாணமான புதிதில் ஒரு சாயங்காலம், சாரத்திலிருந்து ஆள் விழுந்துவிட்டது என்ற சத்தம் கேட்டு, கலவை அப்பிய கையோடு ஓடிவந்து, குப்புறக் கிடந்தவரின் முகத்தைத் திருப்பிப் பார்த்தவள் அவள். அது வேறொருவர். மறுநாளிலிருந்து, தரையில் கால் பட்டதும் அவர் ஊதுவார். அது காதில் விழும்வரை அவள் கை கழுவ மாட்டாள்.

அவர் பக்கத்தில் போய் நின்றார்.

அவள் குழாயை மூடினாள்.

"எறங்குறதுக்கு இவ்வளவு நேரமா உங்களுக்கு?"