ஊதிப் பார்த்த கையுறை

அம்மா கையுறையின் வாயை உதட்டில் வைத்து ஊதினார். சட்டென்று மணிக்கட்டுப் பக்கத்தை முறுக்கிப் பிடித்து, கன்னத்தருகே கொண்டுபோனார்.

"காத்து போவுது. ரிஜெக்ட்."

கடையில் வேலை செய்யும் அர்ச்சுனன் அண்ணன் அடுத்த ஜோடியை எடுத்து வைத்தார். அதுவும் ரிஜெக்ட்.

ஈப்போவில் உள்ள அந்த இரும்புச் சாமான் கடைக்கு நாங்கள் வந்தது எனக்கு வெல்டிங் கையுறை வாங்க. அம்மாவுக்கு ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. டாக்டர்கள் போடும் மெல்லிய கையுறைகளில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பவர். காற்று கசிந்தால் அங்கே கழிவுக் கூடையில் போட்டுவிட வேண்டும்.

இங்கே கசியாத கையுறையே இல்லை. எல்லாம் தையல் போட்ட தடித்த தோல்.

"அக்கா, இது தோலு. பலூன் இல்ல லா."

"ஓட்ட ஓட்டதான் தம்பி. காத்து வெளிய வர வழியில நெருப்பு உள்ள போவாதா?"

அண்ணன் உதவிக்கு என்னைப் பார்த்தார். நான் பெயிண்ட் டின்களைப் பார்த்தேன். வெளி ஆட்கள் முன்னால் எனக்குப் பேச வாய் வராது.

மறுநாள் சனிக்கிழமை. பயிற்சி மையத்தில் வாரக் கடைசி வெல்டிங் வகுப்பு தொடங்குகிறது. பாதியில் பள்ளியை விட்ட பிறகு நானாக வாய் திறந்து கேட்ட ஒரே விஷயம் அதுதான்.

அம்மா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "மொதல்ல சாமானப் பாப்போம். அப்புறம் சொல்றேன்" என்றார்.

இப்போது சாமான் எல்லாம் ரிஜெக்ட் ஆகிக்கொண்டிருந்தது.

கடைசியில் அண்ணன் ஒரு கையுறையை அம்மாவின் கையிலேயே மாட்டினார். லைட்டரைத் தட்டி, உள்ளங்கைக்குக் கீழே பிடித்தார்.

அம்மா கண்களை இறுக மூடிக்கொண்டார். கொஞ்சம் கழித்து ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"பத்த வெச்சிட்டியா?"

"எப்பவோ வெச்சாச்சுக்கா."

"இன்னும் கிட்ட கொண்டா."

கல்லாவில் இருந்த கடை முதலாளி, சீனத் தவுக்கே, எழுந்து, சுவரில் தொங்கிய தீயணைப்பானை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

சூடு தாங்காமல் அண்ணன்தான் லைட்டரைக் கீழே போட்டார். அம்மா கையுறையைக் கழற்றி, தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைக்கு வந்த பிறகு முதல் தடவையாகச் சிரித்தார்.

அடுத்தது தலையில் மாட்டும் முகக்கவசம். அதையும் அவரே மாட்டிக்கொண்டு இரண்டடி நடந்து, துடைப்பக் கட்டின் மேல் மோதினார்.

"கரண்டு போயிருச்சா?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

வெல்டிங் நெருப்பு எரிந்தால்தான் அந்தக் கறுப்புக் கண்ணாடி வழியாக எதுவும் கண்ணுக்குத் தெரியும் என்று அண்ணன் விளக்கினார். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

அம்மா விடவில்லை. கொண்டை போட்டால் இது நிற்குமா? மூக்குக் கண்ணாடி மேலே போடலாமா? குனிந்தே வேலை செய்தால் கழுத்து பிடித்துக்கொள்ளுமா?

ஒவ்வொரு கேள்விக்கும் எனக்குப் பயம் கூடியது. வேண்டாம் என்று சொல்லக் காரணம் தேடுகிறார் என்றே நினைத்தேன்.

தோல் ஏப்ரனைக் கட்டி, முழங்காலை மறைக்கிறதா என்று குனிந்து பார்த்தார். நைலான் சட்டை கூடாது, பருத்திதான் என்றார் அண்ணன். சிலுவாரின் கால்களைச் சப்பாத்துக்குள் சொருகக்கூடாது, பொறி உள்ளே பாதத்தில் விழுந்துவிடும் என்றார். அம்மா பாடம் கேட்பதுபோல் தலையாட்டினார்.

பிறகு ஒரு சின்ன அளவுக் கையுறையை எடுத்து, என் கையில் மாட்டி, விரல்களை மடக்கச் சொன்னார். மடக்கினேன்.

"இது இவளுக்கு. மூஞ்சிக் கவசத்துக்கும் ஏப்ரனுக்கும் சேத்து பில்லு போடு தம்பி."

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"இதே மாதிரி இன்னொரு செட்டு. கொஞ்சம் பெரிய சைஸு."

"ஒங்க வீட்டுக்காரருக்கா, அக்கா?"

அம்மா கைப்பைக்குள் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.

வெளியே வந்து, மோட்டார் சைக்கிளில் இரண்டு பைகளையும் மாட்டிய பிறகுதான் என் பக்கம் திரும்பினார். முகம் சிவந்திருந்தது.

"நாளைக்கு எல்லாம் சின்னப் பசங்களா இருப்பாங்க. வகுப்புல என்னைய அம்மான்னு கூப்பிட்டுறாத."