ரஃபேலுக்காக

சங்ககிரி லாரிப் பட்டறையில் நான், என் மூத்த மகன் தங்கராசு, போன மாதம் தனிக்குடித்தனம் போன இளையவன் அறிவழகன் ஆகிய மூவர் மட்டும் இருக்கிறோம். டயரைக் கழற்றியபடியே இருவரும் போர் விமானம் பேசுகிறார்கள். “யூரோஃபைட்டரோட புது ரேடாரு தலையத் திருப்பிப் பக்கவாட்டுலயும் பாக்கும்டா. நாலு நாடு கூடிச் செஞ்சது,” என்கிறான் தங்கராசு. “கூடிப் பேசிப் பேசியே அந்த ரேடாரு லேட்டுங்ணா. ரஃபேல்ல முன்னாடியே புதுசு வந்துருச்சு.” “பிரான்ஸ்காரன் கூட்டுல இருந்து பிரிஞ்சு போயித்தான் ரஃபேல் செஞ்சான். அவனும் பொண்டாட்டி பேச்சக் கேட்டவனாட்ட இருக்குது.” அறிவழகனின் வீல் ஸ்பேனர் அண்ணன் வாயில் இறங்குகிறது. கிரீஸ் படிந்த தரையில் ரத்தத்தோடு ஒரு பல் வெயிலில் மினுங்குகிறது. தங்கராசு தம்பியின் தலையைப் பிடித்து லாரிக் கதவில் மோதுகிறான், தகரம் அதிர்கிறது. நடுவில் நுழைந்த என் வெள்ளைச் சட்டை இருவர் ரத்தத்திலும் நனைகிறது. சொத்துத் தகராறு என்று ஊரில் பேசுகிறார்கள். அது பொய். என் பிள்ளைகள் அடித்துக்கொண்டது ரஃபேலுக்காக.