நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல

திரை விலகியதும் முன்வரிசையில் அவன் கண்ணில் பட்டது மாமியார்.

மடியில் கைப்பை, அதன் மேல் இரண்டு கைகள். சிரிக்க வந்தவர் மாதிரியே தெரியவில்லை.

தொலைந்தோம் என்று நினைத்தான்.

பாவம், அவன் பிழைப்பே அவர் குரலில்தான் ஓடிக்கொண்டிருந்தது. வாரம் தவறாமல் வானொலியில் அவன் குரல் மாற்றிப் பேசுகிற 'மாடிவீட்டு மாமியார்' வேறு யாருமில்லை, சாட்சாத் இவர்தான். அந்தத் தொண்டைச் செருமல், அந்த இழுவை, எல்லாம் இவருடையது. எதைப் பேசினாலும் முதலில் "நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல" என்பார். அப்புறம் மூச்சு விடாமல் சொல்லித் தீர்ப்பார்.

பஸ்ஸில் கண்டக்டர்கூட, "மாமியாருக்கு எடம் விடுங்கப்பா" என்று கத்துவார். மீசை வைத்த ஆளைப் பார்த்து! அவனுக்கும் உள்ளூரப் பெருமைதான்.

புதன்கிழமை சாயங்காலம் மாமியார் மகளுக்குப் போன் செய்து ஊரையே திட்டுவார். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அதைக் கணவனிடம் ஒப்பிப்பாள். வியாழக்கிழமை ஒலிப்பதிவு. போன வாரம், இரவல் கொடுத்த குடை திரும்பி வராத கதை. ஊரே விழுந்து விழுந்து சிரித்தது.

"அம்மா ரேடியோ பக்கமே போக மாட்டாங்க. நீங்க பயப்படாம பண்ணுங்க" என்று அடித்துச் சொல்லியிருந்தாள் மனைவி. அந்தத் தைரியத்தில்தான் இத்தனை வருஷமும் வண்டி ஓடியது.

'போயும் போயும் ஒரு கோமாளிக்கா என் பொண்ணு?' என்று கல்யாணத்துக்கே வராதவர் மாமியார். பேத்தி பிறந்த பிறகுதான் வாய் நிறைய 'மாப்பிள்ளை' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார். இன்றைக்கு அந்தக் குரலை எடுத்தால் அதோடு சரி, அந்த வீட்டு வாசலை மறந்துவிட வேண்டியதுதான்.

எடுக்காமலும் தப்ப முடியாது. வானொலி நிலையத்தின் ஆண்டு விழா, மண்டபம் நிரம்பி வழிகிறது.

ரயில் மாதிரி கூவிப் பார்த்தான். பல்வலிக்காரன் காதல் பாட்டுப் பாடுவதைப் பாடிக் காட்டினான். நாலு பேர் இருமினார்கள்.

பின்வரிசையில் யாரோ ஆரம்பித்து வைத்தார்கள்.

"மாமியார்! மாமியார்!"

மண்டபமே கைதட்டிக் கேட்டது. வேறு வழியில்லாமல் தொண்டையைச் செருமினான்.

"நான்... ஒண்ணும்... சொல்றதுக்கில்ல..."

அவ்வளவுதான். அடுத்த வார்த்தை வரவே இல்லை.

அப்போது முன்வரிசையிலிருந்து ஒரு செருமல் கேட்டது. அசல் செருமல்.

மாமியார் எழுந்து, மண்டபத்தைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

"நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல. என் பொண்ணைக் கட்டிக்கிட்டவருக்கு வாயைத் தவிர வேற சொத்தே கிடையாது. இன்னைக்குன்னு பார்த்து அதையும் பூட்டி வச்சிருக்காரு!"

மண்டபம் அதிர்ந்தது. ஏற்பாடு செய்து வைத்த நாடகம் என்றே எல்லோரும் நினைத்தார்கள். "அந்தம்மா நல்லாத்தான் பண்றாங்க, ஆனா ரேடியோ குரல் வரல" என்றார் ஒருவர்.

அவனுக்குப் பூட்டு திறந்துகொண்டது. கீழேயிருந்து அவர் ஒன்று சொல்ல, மேலேயிருந்து அதே குரலில் அவன் ஒன்று சொல்ல, ஜனம் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தது. அவன் வாழ்க்கையில் அப்படி ஒரு கைதட்டல் வாங்கியதே இல்லை.

எல்லாம் முடிந்து மேடைக்குப் பின்னால் போனான். மாமியார் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மனைவி. அவனுக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். கையைக் கட்டிக்கொண்டு எதிரே நின்றான்.

"மன்னிச்சுக்குங்க அத்தை."

அவர் நிதானமாக டம்ளரைக் கீழே வைத்தார்.

"நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல மாப்பிள்ளை. ஆனா வாராவாரம் புதன்கிழமை காலையிலேருந்து உக்காந்து யோசிச்சு யோசிச்சு போன்ல சொல்லி அனுப்பறேன். போன வாரம் அந்தக் குடை விஷயத்துல கடைசி வரியை முழுங்கிட்டீங்களே, அதுலதானே சிரிப்பே இருக்கு?"

அவன் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தான்.

அவள் அவசர அவசரமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டாள்.