கழன்ற தோள்

“மூட்டு உள்ள போகல்ல.”

திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்த டொக்டர் லுத்பியா, பொலிஸ் சார்ஜன்டிடம் சிங்களத்தில் சொன்னார். உள்ளே கட்டிலில் பூபாலசிங்கம் அலறிக்கொண்டிருந்தான்.

கொழும்பு வெள்ளவத்தைச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கியிருந்தார்கள். கையைத் தூக்கச் சொன்னார்கள். பூபாலசிங்கம் தூக்கினான். பள்ளிக்கூடத்தில் பந்து விளையாடி ஏற்கெனவே ஒரு தரம் கழன்ற தோள். தூக்கிய வேகத்தில் மறுபடி கழன்றுவிட்டது. தூக்கிய கையை இறக்க முடியவில்லை. அதுவே சந்தேகமாகிப் போனது.

“ஆயுதப் பயிற்சி எடுத்தவனுக்குத்தான் தோள் இப்படிக் கழலும்,” என்றார் சார்ஜன்ட். “இழுத்துப் போடுங்க டொக்டர். ஸ்டேஷனுக்குக் கொண்டு போகணும்.”

ஸ்டேஷன் என்றதும், வெளியே காத்து நின்ற தங்கை அருள்நாயகி திரைக்கு முன்னால் வந்து நின்றாள். பக்கத்து அறைப் பெடியனையும் இப்படித்தான் கொண்டு போனார்கள். இன்னும் வரவில்லை.

“இழுத்து நரம்பு அறுந்தா கை விளங்காது. நீங்க பொறுப்பா?” என்றார் டொக்டர். “மயக்க மருந்து குடுத்துத்தான் போடணும். இப்பதான் சோறு தின்னிருக்கான். பின்னேரம் வரைக்கும் வார்ட்டில இருக்கட்டும்.”

அருள்நாயகிக்குத் தாங்கவில்லை.

“டொக்டர், உங்களுக்கு வேலை தெரியாதோ? போன தரம் ஒரு டொக்டர், அண்ணாவோட கதைச்சுக் கதைச்சே, கையை மெல்லத் திருப்பிப் போட்டவர். ஒரு சத்தமும் இல்லை! தெரியாட்டித் தெரிஞ்ச ஆளைக் கூப்பிடுங்கோ! மனுசன் துடிக்கிறது கண்ணுக்குத் தெரியேல்லையோ?”

விபத்துப் பிரிவே திரும்பிப் பார்த்தது. டொக்டரின் முகம் சிவந்தது.

“இங்க நின்று கத்தாம, உங்களுக்காகப் பேச பெரியவங்க யாரும் இருந்தாக் கூட்டிட்டு வாங்க. உங்களோட கதைக்க எனக்கு நேரமில்ல.”

சார்ஜன்ட் ஏளனமாகச் சிரித்தார். “பாவம், டொக்டர் புதுசு போல.” ஒரு கான்ஸ்டபிளைக் கட்டிலருகே காவலுக்கு நிறுத்திவிட்டுப் போனார்.

அருள்நாயகி அழுதுகொண்டே, அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு ஓடினாள். வீட்டின் சொந்தக்காரர் அலவி ஹாஜியார் அப்போதே சாரத்தை மாற்றிக்கொண்டு புறப்பட்டார். போகிற வழியில் தெரிந்த சட்டத்தரணி ஒருவரையும் ஏற்றிக்கொண்டார். சட்டத்தரணி ஸ்டேஷனுக்குப் போய் மேலதிகாரியுடன் கதைத்தார். “என்ட வீட்டுப் புள்ளைகள். நான் பொறுப்பு,” என்றார் ஹாஜியார்.

பொழுதுபடுகிற நேரம் சார்ஜன்ட் திரும்பி வந்தார். விடச் சொல்லி மேலதிகாரியின் உத்தரவு வந்திருந்தது; கான்ஸ்டபிளைக் கூப்பிட்டுக்கொண்டு ஜீப்புக்குப் போனார்.

அருள்நாயகி டொக்டரிடம் பாய்ந்தாள். “இனியாவது போடுங்கோ! இவ்வளவு நேரமும் வேதனையில கிடந்தவர்!”

ஜீப் கேட்டைத் தாண்டும்வரை டொக்டர் ஜன்னலால் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பூபாலசிங்கத்தைப் பார்த்துத் தலையசைத்தார்.

அவன் எழுந்து உட்கார்ந்தான். கழன்ற கையாலேயே தங்கையின் கையைப் பிடித்தான்.

“டொக்டர் அப்பவே திரைக்குள்ள தோளைப் போட்டிட்டா, அருள். அதுக்குப் பிறகுதான் என்னைக் கத்தச் சொன்னவா.”

அருள்நாயகி அண்ணாவின் தோளைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, “எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே டொக்டர்... நான் உங்களை எவ்வளவு பேசிப்போட்டன்,” என்று விம்மினாள்.

டொக்டர் லுத்பியா முதல் முறையாகச் சிரித்தார்.

“சொல்லியிருந்தா, அவங்க நம்புற மாதிரி நீங்க என்னை ஏசியிருக்க மாட்டீங்க, தங்கச்சி.”