யாரும் வாங்காத பன்னிரண்டு

கடலுக்கடியில் அக்கரை நாட்டுக்குப் போகும் மின்கேபிள் ஐந்நூறு மெகாவாட்தான் தாங்கும். அன்று விளக்கு வைக்கும் நேரத்தில் ஐந்நூற்றுப் பன்னிரண்டு ஓடியது. கட்டுப்பாட்டறையில் இருந்த லூர்துமேரி, மின்சாரம் வாங்கியவர்களின் பட்டியலை இரண்டு தடவை கூட்டிப் பார்த்தாள். ஐந்நூறுக்கு மேல் வரவேயில்லை.

அக்கரை நிலையத்துக்குப் போன் போட்டாள்.

“எங்களுக்கு ஐந்நூறுதான் வந்து சேருது அக்கா,” என்றார் அங்கே பணியிலிருந்த சிவகடாட்சம். “இடையில ஆர் எடுக்கிறது? வெறுங்கடல்தானே.”

கேபிள் தாங்கும் அளவை மீறி நெரிசல் வந்தால் யாரும் வாங்காததைத்தான் முதலில் வெட்ட வேண்டும். லூர்துமேரி மின்நிலையத்திடம் சொல்லிப் பன்னிரண்டைக் குறைத்தாள்.

உடனே போன் அடித்தது. அக்கரை நிலையத்தைத் தவிர வேறு யாரும் அழைக்க முடியாத போன் அது. பேசியது ஒரு பெண். இக்கரைப் பேச்சா அக்கரைப் பேச்சா என்று பிடிபடவில்லை.

“தலை வெளிய வந்துட்டுது தாயி. இந்த நேரம் பார்த்தா வெளிச்சத்தை எடுப்பீங்க? தொப்புள்கொடி எது, கை எதுன்னு தெரியல.”

லூர்துமேரி அக்கரையில் ஒரு சிமெண்ட் ஆலைக்குப் போவதில் பன்னிரண்டை வெட்டி, அந்த இடத்தில் யாரும் வாங்காத பன்னிரண்டைத் திரும்ப ஏற்றினாள். பிறகு குறிப்பேட்டைத் திறந்தாள். யாருக்குக் கொடுத்தாலும் பெயர் எழுதியாக வேண்டும்.

“பேர் சொல்லுங்க, எழுதணும்.”

போனுக்குள் தண்ணீர் புரளும் சத்தம் கேட்டது. அதற்குள்ளிருந்து ஒரு குழந்தை வீறிட்டது.

“இன்னும் வைக்கல தாயி,” என்றாள் அவள். “நீங்களே ஒண்ணு எழுதுங்க.”